அக்கா கழற்றி வைத்த வண்டி

சென்ற பங்குனி வளர்பிறையில் எங்களை விட்டுப் பிரிந்த அக்கா அவர்களின் பெயரால் இந்த மலர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. முதலாண்டுத் திதிக்கு வெயிலையும் பாராமல் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடன் பிறந்த ஒரே தம்பியாகிய என் வணக்கம்.

நினைவு மலர்களை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அதில் இறந்தவர்கள் எல்லாரும் பொறுமைசாலிகள். எழுதியவர்கள் எல்லாரும் அவர்கள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ‘உயிரோடு இருக்கும்போது நீ எப்படி நடத்தினாய் என்று எனக்குத் தெரியாதா’ என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே பக்கத்தைத் தள்ளுவேன். என் கட்டுரையையும் நீங்கள் அப்படியே படியுங்கள். தப்பாக நினைக்கமாட்டேன்.

சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது. நான் எருமப்பட்டியில் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்குகிறவன். துணி வந்தால் தராசில் வைப்பதற்கு முன்பு உள்ளங்கையால் தடவுவேன், ஈரம் காட்டி எடையைக் கூட்டியிருக்கிறார்களோ என்று. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. “சோத்தப் போட்டு வெச்சாக்கூட அடியில என்ன கெடக்குதுன்னு கெளறிப் பாத்துட்டுத்தானுங்க திங்கறீங்க” என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பொய் இல்லை.

அக்கா ராசிபுரத்தில் எங்கள் தறிவீட்டில் பிறந்தார். ஏழு ஆண்டு கழித்து நான் பிறந்தேன். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் பாவு நீட்டுகிற வேலையில், தறியின் நெடுக்கு இழைகளை விரித்துக் கட்டுவதில், அவர் கைக்கு நிகர் இல்லை. ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, அவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, கொத்துக்கு ஒரு வண்ணமாக நூல் முடிந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் எந்தக் கொத்து எங்கே சேர வேண்டும் என்பதை அந்த முடிச்சு சொல்லிவிடும். அக்கா போட்ட முடிச்சை அப்பா சரிபார்க்கவே மாட்டார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்தான் மறந்துவிட்டேன்.

அக்காவைப் புதுச்சத்திரத்தில் மாமா அவர்களுக்குக் கொடுத்தோம். மாமா ஒரு மிட்டாதாருக்கு, எங்கள் பக்கத்துச் சின்ன ஜமீன்தாருக்கு, மோட்டார் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மிட்டாதார் புது வண்டி வாங்கியபோது பழையது மாமாவுக்கு வந்தது. அதைச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வாடகைக்கு ஓட்டினார். அந்த வண்டிமேல் அவருக்கு இருந்த ஆசையை நாங்கள் கேலி செய்யாத நாள் இல்லை. சக்கரத்துக்கு அடியில் புகுந்தால் சாப்பாட்டுக்கு வெளியே வரமாட்டார். அக்கா சோற்றை உருட்டி, குனிந்து, வண்டிக்கு அடியில் நீட்டுவார். திருகுசாவியையும் அவரே எடுத்துக் கொடுப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருவருக்கும் அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டது அந்த வண்டிதான் என்று நினைக்கிறேன்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குச் சீட்டு வந்தது, டயர் கிடைக்கவில்லை. வண்டி கொட்டகையில் கல்லின்மேல் ஏறி நின்றுவிட்டது. மாமா பட்டாளத்தில் லாரி ஓட்டச் சேர்ந்து கடல் கடந்து போனார். புறப்படும்போது அக்காவிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “வண்டியப் பாத்துக்க. நான் வந்ததும் மொத சவாரி உன்னையத்தான் கூட்டீட்டுப் போவேன்.”

சில காலம் கடிதம் வந்தது. சிங்கப்பூர் ஜப்பான்காரர் கைக்குப் போன பிறகு ஒன்றும் வரவில்லை.

ஒரு வருஷம் போயிற்று, இரண்டாவது வருஷமும் பாதி போயிற்று. மாமாவின் பங்காளிகள் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்கலாம் என்றார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் வைத்து எடுத்துப் பார்த்தால், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அம்மன் சொல்லிவிடுவாள். அதன்படி செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். செய்ய வேண்டியது என்றால் என்ன என்று அக்காவுக்கும் தெரியும். கழுத்துத் தாலியைக் கையால் மூடிக்கொண்டு, “இருக்கறவருக்கு எதுக்குங்க பூக் கேக்கோணும்? வந்ததுக்கப்புறம் அவருகிட்டயே கேட்டுக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தச் செய்தி வந்தது. அக்கா வண்டியைக் கழற்றுகிறார் என்றார்கள். புருஷன் திரும்பி வருவார் என்று உண்மையாகவே நம்புகிற பெண் அவருடைய வண்டியைக் கழற்றுவாளா? சாவுச் செய்தி எழுதின கடிதம் வந்திருக்கிறது, அதை மறைத்துவைத்துக்கொண்டு பொட்டு வைத்துக்கொண்டு திரிகிறாள் என்று பங்காளிகள் பேசினார்கள். நான் அவர்களைத் திட்டினேன். திட்டிக்கொண்டே மாட்டுவண்டியைக் கட்டச் சொல்லிப் புதுச்சத்திரம் புறப்பட்டேன், நேரில் பார்த்துவிடலாம் என்று.

பார்த்தேன். அக்கா அடுக்களையில் கடலையெண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டில் வாயில் இருந்த புனல், வண்டியின் ஹாரன் குழல். தயிர்ச்சட்டியை மூடியிருந்தது சக்கரத்தின் நடு மூடி. முன்விளக்கின் பித்தளைக் கிண்ணத்தைச் சுவரில் மாட்டி, அதற்கு முன்னால் சிமினி விளக்கு வைத்திருந்தார். வீடே பளிச்சென்று இருந்தது. மாமா போன பிறகு அக்கா பிழைப்புக்குப் போட்டிருந்த தறியின் குழியில் எட்டிப் பார்த்தால் கால் மிதி இருக்கிற இடத்தில் பிரேக் மிதி. வண்டியைத் திருப்புகிற ஸ்டியரிங் வளையத்தை விட்டத்தில் தொங்கவிட்டு, அதைச் சுற்றிலும் நூல் சிட்டங்களைக் காயப்போட்டிருந்தார். ராட்டையில் பேரிங் போட்டிருந்தார். ஒரு தட்டுத் தட்டினால் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெற்றிலை இடிக்க பிஸ்டன்!

“இதையெல்லாம் யாருக்கா கழட்டிக் குடுத்தது?” என்றேன்.

“நாந்தான் சாமி. பக்கத்தூட்டு அம்மா கூடப் புடிச்சாங்க.”

“ரெண்டு பொம்பளைங்களா?”

“வருசக்கணக்கா அவருக்குச் சாவி எடுத்துக் குடுத்தனே, எது எங்க திரும்புதுன்னு தெரியாதா எனக்கு?”

நான் நம்பவில்லை. மெக்கானிக் எவனோ வந்து போகிறான் என்று நினைத்தேன். உடன்பிறந்தவளைப் பற்றி அப்படி நினைத்ததை இப்போது எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நினைத்தேன்.

அக்கா தண்ணீருக்குப் போன நேரத்தில் கொட்டகைக்குள் புகுந்து வண்டியைச் சோதித்தேன். கடிதத்தைத் தேடினேன். ஆசனத்துக்கு அடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. அவிழ்த்தால் வண்டியிலிருந்து கழற்றிய ஆணியும் மரையும். ஏழெட்டு ஏழெட்டாகக் கோத்து, கொத்துக்கு ஒரு நூலாகக் கட்டியிருந்தது. கறுப்பு, மஞ்சள், சிவப்பு, சில கொத்துகளுக்கு இரண்டு நிறத்தை முறுக்கி மூன்று முடிச்சு. கறுப்பு நூலும் மஞ்சள் நூலும் முடிச்சுமாக எங்கே பார்ப்போம்? மந்திரக்காரன் வீட்டில்தானே. அக்கா யாரிடமோ போய்ச் செய்வினைக்கு ஏதோ பண்ணியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மூட்டையை இருந்தபடியே கட்டி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் சாப்பிட உட்கார்ந்தேன். தயிர்ச்சட்டியின் மூடியிலும் ஒரு நூல் கட்டியிருந்தது; தயிரைத் தொடவில்லை.

அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், திருட்டுத்தனமாக வண்டியைத் துழாவியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம் அக்கா எருமப்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாக்கில் சுற்றி ஒரு இரும்புத் தண்டு கொண்டுவந்தார். பின் சக்கரத்தைச் சுழலவைக்கிற ஆக்சில் தண்டு அது. நடுவில் சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய நூல், மூன்று முடிச்சு.

“உன்ற கெணத்துச் சகடைக்கு அச்சு தேஞ்சுபோச்சுன்னு சொன்னியே, இதைப் போட்டுக்க சாமி. அங்க சும்மா கெடந்தாத் துருப்புடிச்சுப்போகும். ஓடிக்கிட்டே இருந்தா இரும்பு கெடாது. எண்ணெய் மட்டும் உட்டுக்கிட்டே இரு. வெட்டிப்போடாத, காச்சிப்போடாத. அவரு வந்ததும் வண்டிக்கு வேணும்.”

அக்கா உண்மையைத்தான் சொன்னார், ஒளிக்காமல் சொன்னார். உண்மையைச் சொன்னால் நம்புகிற பழக்கம்தான் எனக்கு இல்லை. கழற்றிப் போட்ட வண்டிக்கு மறுபடி வேணுமாம்! கொடுக்கிற பொருளைத் திருப்பிக் கேட்பாராம், நெருப்பில் மட்டும் வைக்கக் கூடாதாம்! அந்தக் கடைசிப் பேச்சு என் மனதில் முள்ளாகத் தைத்தது. செய்வினைப் பொருளுக்கு நெருப்புத்தானே ஆகாது?

தண்டைக் கிணற்றுச் சகடையில், நீர் இறைக்கிற உருளையில், அச்சாகப் போட்டோம். கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. அந்த வருஷம் எருமப்பட்டியில் எந்தக் கிணற்றில்தான் இறங்கவில்லை? என் மனைவி காய்ச்சலில் படுத்தாள். என் பெண் குழந்தைக்கும் காய்ச்சல் கண்டது. குழந்தை மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தபோது எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. கிணற்றுக்குப் போய்த் தண்டைக் கழற்றினேன். நூலை அரிவாளால் அறுத்து அடுப்பில் போட்டேன். தண்டைக் கொல்லரிடம் கொண்டுபோனேன்.

கொல்லர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது எஃகுங்க. காச்சறதுக்கு மனசு வருலீங்களே” என்றார்.

“காச்சுங்க” என்றேன்.

ஒரு முனையைக் கூராகவும் மறுமுனையைப் பட்டையாகவும் அடித்துக் கடப்பாரையாக்கிக் கொடுத்தார். குழந்தைக்குக் குணமாயிற்று. வைத்தியர் கொடுத்த கஷாயத்தால் குணமாயிற்று. நான் பெருமையை நெருப்புக்குக் கொடுத்தேன்.

மாரியம்மன் பண்டிகைக்கு அக்கா வந்தார். வாசலுக்கு வந்ததும் கிணற்றைப் பார்த்தார். சகடையில் மர அச்சு இருந்தது. சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையைப் பார்த்தார். பக்கத்தில் போய் அதைக் கையில் எடுத்து, நடுவில் கட்டைவிரலால் தடவினார்.

“நூலு எங்க சாமி?” என்றார்.

“எரிச்சுட்டேன்க்கா.”

“ஏஞ்சாமி?”

நான் சொன்னேன். மூட்டையைத் துழாவியது, முடிச்சுகளைப் பார்த்தது, பயந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கீழே உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்து பார்த்திருக்கிறேன். அன்று வந்தது கோபம் இல்லை.

“பாவுக்கு முடிச்சுப் போடறது மறந்துபோச்சா உனக்கு? சட்டி மூடியில இருக்கற நூலு என்ன நெறமோ, அதே நெறம் அந்த மரைக்கும். ராட்டையில கட்டுன நெறம் பேரிங் ஆணிக்கு. எது எங்க சேருதுன்னு அவரு வந்தாத் தேடக் கூடாதுன்னு கட்டி வெச்சேன். நின்ன வண்டி துருப்புடிச்சே செத்துப்போகும் சாமி. கழட்டி, தெனமும் கையில பொழங்கி, எண்ணெய் தடவிக்கிட்டே இருந்தா சாகாது. ஒரு சாமானையாச்சும் வெட்டியிருக்கறனா, ஓட்டை போட்டிருக்கறனா, பாத்தியா நீ?”

பார்த்திருந்தேன். ஹாரன் குழலிலும் விளக்குக் கிண்ணத்திலும் ஒரு கீறல்கூட இல்லை. பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. தறிக்காரன் பிள்ளை, ஊரார் துணியில் ஓர் இழை குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவன், சொந்த அக்காவின் முடிச்சைப் பார்த்து மந்திரம் என்று நினைத்தேன்.

“சரி, உடு. கொழந்த நல்லாருக்குதல்ல” என்று அக்கா எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். இரண்டு நாள் இருந்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்து சில மாதம் கழித்து மாமா வந்தார். சிறைமுகாமில் இருந்து, எலும்பும் தோலுமாக. ஊரே கூடி நின்று அழுதது. மாமா கொட்டகைக்குப் போனார். கூடு மட்டும் நிற்பதைப் பார்த்தார்.

“வித்துப்போட்டியா?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா வீட்டுக்குள் போய் ஹாரன் குழலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். பிறகு மூடியை, விளக்குக் கிண்ணத்தை, வளையத்தை, மிதியை. அரிசிப் பானைக்குள் கையைவிட்டு, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னட்டோவைத் துணியில் பொதிந்தபடி எடுத்தார். ஒவ்வொன்றிலும் நூல் இருந்தது. ஆணி மூட்டையை அவிழ்த்து, அந்தந்த நிறத்துக் கொத்தை அந்தந்தச் சாமான் பக்கத்தில் வைத்தார். மாமா ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்து எண்ணெய் வாசனை பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆள் அனுப்பினார், வந்து கூடப் பிடிக்கச் சொல்லி.

ஆறு நாள் வண்டியைக் கோத்தோம். எனக்குக் கைதான் வேலை செய்தது, மனம் அதில் இல்லை. கடைசி நாள் சிவப்பு மஞ்சள் கொத்து ஒன்று மட்டும் தரையில் தனியாகக் கிடந்தது.

“ஆக்சில் ஒண்ணு எங்க?” என்று மாமா கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

“அது ஒண்ணை வித்துப்போட்டனுங்க.”

“யாருக்கு?”

“யாரோ வழிப்போக்கருங்க. பேரு கேட்டுக்குல.”

மாமா அக்காவையே பார்த்தார். “எல்லாத்தையும் வெச்சிருந்து, இதை மட்டும் எதுக்கு வித்தே? எவனுக்கு வித்தே?” அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் கையில் திருகுசாவியோடு நின்றேன். பேசவில்லை.

அந்தப் பழைய மாதிரிக்குச் சேலத்திலும் ஆக்சில் கிடைக்கவில்லை. கடைசல் போட்டுச் செய்த ஒன்று முதல் இழுப்பிலேயே முறிந்தது. வண்டி ஒரு முழம்கூட நகரவில்லை. கோத்ததை மாமா மறுபடி கழற்ற விடவும் இல்லை. ஹாரன் குழல் வண்டிக்குப் போய்விட்டதால், அக்கா கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டுப் புனலாக்கிப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றினார். பணப்பெட்டிச் சாவியை மாமா தம் இடுப்பில் முடிந்துகொண்டார். யாராவது மெக்கானிக் வாசலோடு போனால் அக்காவின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை யாருடையது என்று எனக்குத் தெரியும். முன்பு அது என்னுடையது.

இரண்டு வருஷம் அப்படியே நடந்தது. சென்ற ஆண்டு மாசியில் அக்கா நெஞ்சுவலியில் படுத்தார். மாமா மருந்து வாங்கப் போயிருந்தபோது, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அக்காவின் காலடியில் உட்கார்ந்து கேட்டேன்.

“சொல்லாத. உன்னைய வாசல்படி ஏத்தமாட்டாரு. எனக்குப் பொறந்த ஊடுன்னு இருக்கறது நீ ஒருத்தன். நீயும் வராம போயிட்டா நான் யாரு வாரான்னு வழியப் பாக்கறது?”

சரி என்று சொல்லிவிட்டேன். அக்காவின் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அதையும் நான் நம்பவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

பங்குனியில் அக்கா கண்ணை மூடினார். எங்கள் வழக்கப்படி அடக்கம். மழை காணாத மண், பாறைபோல் இறுகிக் கிடந்தது. ஊர்க் கடப்பாரையின் முனை மழுங்கிவிட்டது. வழியில் சக்கரம் பதிந்தால் கிளப்புவதற்காக என் வண்டியில் ஒரு கடப்பாரை எப்போதும் கிடக்கும். என்னைக் கேட்காமலே வண்டிக்காரர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். குழி வெட்டி முடிகிறவரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் மாமா அதைக் கையில் வாங்கி, மண்ணைத் துடைத்து, விரலால் சுண்டினார்.

“நல்ல இரும்பா இருக்குதே மச்சான். எங்க வாங்குனது?”

“சந்தையிலதானுங்க மாமா” என்றேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். திருகுசாவி பிடித்து அக்காவுக்குத் துணைநின்ற பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நன்றி. அந்த நாளில் எந்த மெக்கானிக்கும் அங்கே வரவில்லை என்பதற்கு அவர்களே சாட்சி. காய்ச்ச மனசு வரவில்லை என்று சொன்ன கொல்லருக்கு நன்றி. அன்று அவர் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும். நோயில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிப் போனவர்களுக்கும், இன்று வந்திருக்கும் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமா அவர்களே, தங்களிடம் நேரில் சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லாததால் அச்சில் சொல்கிறேன், ஊர் அறியச் சொல்கிறேன். அக்கா எதையும் விற்கவில்லை. யாரும் வந்து வாங்கவில்லை. தங்களிடம் அக்கா சொன்ன பொய் அது ஒன்றுதான், அதுவும் என்னைக் காப்பாற்றச் சொன்னது. கோபத்தை என்மேல் காட்டுங்கள். அக்காவின் படத்துக்கு முன்னால் நிற்கும்போது அந்தச் சந்தேகம் தங்கள் மனதில் இருக்க வேண்டாம்.

இன்று திதிக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டகையில் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கடப்பாரை சாத்தியிருக்கும். நடுவில் சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய நூல், மூன்று முடிச்சு இருக்கும். முடிச்சு அக்கா போட்டதுபோல் அமையவில்லை, நான் போட்டது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது என்று எடுத்துவிடாதீர்கள். அது அந்த வண்டியுடையது.